அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பில் இல்லாத வரி

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. அம்மா போய்விட்டார்.

லிங்கராஜபுரத்தில், அக்கா குடும்பம் போகிற சர்ச்சில் நினைவு ஆராதனை வைத்தோம். அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதி வாசிப்பது என் பொறுப்பு. "எழுதறவன் நீதானேடா" என்று அக்கா சொல்லிவிட்டாள். வாராவாரம் ஊரில் உள்ள எல்லாரைப் பற்றியும் எழுதிக் கிழிக்கிறவனுக்கு, பெற்றவளைப் பற்றி ஒரு பக்கம் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நாள் ஆயிற்று.

எழுதியதை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"நல்லாத்தான் இருக்குடா. அந்த கார்மென்ட்ஸ் வரியை மட்டும் எடுத்துடு."

அந்த வரி இதுதான் — அப்பா காலமான பிறகு, பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடம் டெய்லராக வேலை பார்த்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்.

"ஏன்க்கா?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. பொண்ணுக்குக் கல்யாணம் பேசும்போதே, அம்மா வீட்லதான் இருந்தாங்கன்னு சொல்லிட்டேன்... இப்ப போய் எதுக்குடா?"

நான் சண்டை போட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எடுத்துவிட்டேன். காலேஜ் அப்ளிகேஷனில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று எழுதியவன் நான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அக்காவைக் கேட்பது?

வரி போன இடத்தில் 'ஜெப வீராங்கனை' என்று போட்டேன். அம்மாவோ ஜெபத்தில் பாதியிலேயே தூங்கிவிடுகிறவர். வாசித்தபோது எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

ஆராதனை முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது நான்கு பெண்கள் என்னிடம் வந்தார்கள். அம்மாவோடு வேலை பார்த்தவர்கள், பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். மூத்தவர் பெயர் கௌரம்மா. கன்னடக்காரர், தமிழை என் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டாராம்.

"நல்லா படிச்சேப்பா. ஆனா நம்ம கம்பெனி பத்தி ஒண்ணுமே வரலையே?"

அவரே தொடர்ந்தார்.

"எங்க தையல் லைன்ல பாத்ரூம் போகக்கூட விட மாட்டாங்க. டார்கெட் முடிச்சிட்டுப் போன்னுவாங்க. ஒரு நாள் உங்கம்மா மெஷினை ஆஃப் பண்ணிட்டு எழுந்து நின்னாங்க. 'சார், நாங்க போய்ட்டு வர்றோம்'னு சொல்லிட்டு நடந்தாங்க. நாப்பது பேரு பின்னாடியே போனோம். அதுக்கப்புறம் எங்களை யாரும் தடுக்கல."

வீட்டில் இன்னொரு தோசை கேட்கவே கூச்சப்படுகிற அம்மா... நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லும்படி நாங்கள் இருந்தோமா? வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது.

திரும்பினால், டீ டிரேயோடு அக்கா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டிரேயை என் கையில் திணித்தாள். கௌரம்மாவின் கையைப் பிடித்து, நேரே சம்பந்தியம்மாவிடம் அழைத்துப் போனாள்.

"இவங்க எங்கம்மாகூட கார்மென்ட்ஸ்ல வேலை பார்த்தவங்க," என்றாள். "அம்மா பத்தொன்பது வருஷம் அங்க டெய்லர்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். சம்பந்தியம்மா நகர்ந்து உட்கார்ந்து, கௌரம்மாவுக்கு இடம் கொடுத்தார்.

எழுதுகிறவனுக்கு அங்கே வேறு வேலை இல்லை — டீயைக் கொடுத்தேன்.