சுத்திகரிப்பு படித்தவர்

காஞ்சிபுரத்தின் எல்லையில் எங்கள் பேருந்து டயர் மாற்ற நிற்கிறது. எதிரே ஒரு சாயப்பட்டறை. பட்டுநூலை வேகவைத்த சலவைச் சோடாத் தண்ணீரை வாளியில் தூக்கி வருகிற ஒருவர், கால்வாயோரம் நின்று, தண்ணீரின் காரத்தைக் காட்டும் ஒரு சோதனைக் காகிதத் துண்டை அதில் நனைத்துப் பார்க்கிறார். காகிதம் கருநீலமாகிறது.

"எதுக்குங்க இது?" இறங்கிப் போய்க் கேட்கிறேன்.

"பழக்கம் சார். கழிவுநீர் சுத்திகரிக்க அரசாங்கம் ஆறு மாசம் டிரெய்னிங் குடுத்துது. பசுமை வேலைவாய்ப்புன்னாங்க. பிளான்ட் வந்தா நான்தான் ஆப்பரேட்டர்."

"பிளான்ட் எங்கே?"

முள்புதரைக் காட்டுகிறார். உள்ளே அடிக்கல் மட்டும் நிற்கிறது. அதை நாட்டியவர்களின் பெயர்கள் இன்னும் பளபளக்கின்றன.

"மூணு வருசமா வருது வருதுன்னு சொல்லிக்கினு இருக்கறாங்க. முன்னல்லாம் தெரியாம ஊத்திக்கினு இருந்தேன். இப்ப எவ்ளோ கெடுதல்னு பாத்துட்டு ஊத்தறேன்."

வாளியைச் சாய்க்கிறார். நுரை வேகமாக ஓடுகிறது.

"எங்கே போகுது?"

"எங்க ஊரு ஏரிக்குதான்."

நனைந்த காகிதத்தை மட்டும் கால்வாயில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாளிக்குப் போகிறார்.