எஸ்தர் கையெழுத்திடாத மஞ்சள் லேபிள்

எஸ்தர் இறந்துபோனதை அவருடைய கணவர் செவ்வாய்க்கிழமை காலை போனில் சொன்னார். "நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல்ல அண்ணே." சரி என்று வைத்துவிட்டு, இயந்திரத்தில் பாதி மாட்டியிருந்த லேபிள் சுருளை முழுவதும் மாட்டினேன். பசை சீராக இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

தக்கலையில் எங்கள் அச்சகத்தில் பதினொரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். வண்டிகளிலும் மின்னணுக் கருவிகளிலும் ஒட்டும் லேபிள்கள் அடிக்கிறோம். மையிலும் பசையிலும் ஈயம், காட்மியம் போன்ற நச்சுப் பொருட்கள் அளவுக்கு மேல் இல்லை என்று ஒவ்வொரு சரக்குக்கும் உறுதிமொழித் தாள் கொடுக்க வேண்டும். அதில் கையெழுத்திடுவது எஸ்தர்.

அந்த மஞ்சள் லேபிள் விவகாரம் எங்களோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வண்டி பேட்டரியில் ஒட்டும் எச்சரிக்கை லேபிள். வழக்கமான மை கிடைக்காமல் வேறிடத்தில் வாங்கி அடித்துவிட்டோம். லாரி வாசலில் நின்றது. அந்த மைக்குச் சோதனை அறிக்கை இல்லை என்று எஸ்தர் பேனாவை மூடிவிட்டார்.

முதலாளி கெஞ்சினார். பிறகு நான் போனேன். "பேட்டரிக்குள்ள முழுக்க ஈயம். மேல ஒட்டுத ஸ்டிக்கர்ல கொஞ்சம் இருந்தா என்ன?"

"சட்டத்துல பேட்டரிக்கு விலக்கு உண்டு அண்ணே, ஸ்டிக்கருக்கு இல்ல."

"ஒண்ணும் இருக்காது, போட்டுக் குடு."

"எனக்குத் தெரியாதுல்லா. தெரியாததத் தெரியும்னு எப்பிடி எழுத?"

லாரி காலியாகத் திரும்பியது. மையைச் சோதனைக்கு அனுப்பி அறிக்கை வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை. மதியம் அவர் தனியாகச் சாப்பிட்டார். நான் கூப்பிடவில்லை.

அறிக்கையில் எல்லாம் அளவுக்குள்தான் இருந்தது. "இதுக்கா இத்தன பாடு?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். எஸ்தர் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். "இப்பம் தெரியும். அன்னைக்குத் தெரியாது."

மறுநாள் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் எல்லாருக்குமாகக் கொண்டுவந்தார். "கொஞ்சம் நீங்கி இரிங்க அண்ணே," என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

அடக்கத்தன்று மழை. எல்லாரோடும் நின்று மண் போட்டேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

இப்போது கையெழுத்து என் பொறுப்பு. புதிய பசைக்கான தாள் மேசையில் கிடக்கிறது. அறிக்கை வரும்வரை அதைத் தொட மாட்டேன் என்று நேற்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். எஸ்தரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது. அதை அவரைப் போலக் கோபப்படாமல் சொல்வதுதான் எனக்கு வரவில்லை.