கணவாய்க்குத் தேவையில்லாத அனுமதி

வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் அது வழங்கப்படவேண்டும். இது இத்தாலியச் சட்டம். அந்தச் சட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டி நினைவுக்கு வருகிறது. பலெர்மோவில் ஒரு கிலோ ஜெலாட்டோ ஐஸ்கிரீம் வாங்கினால், வீடு போகும்வரை உருகாமல் இருக்கத் தருகிற பெட்டி. ஜெலாட்டோ அன்று மாலையே முடிந்துவிடும். பெட்டி மட்டும் எங்கள் இலங்கை ஆட்களின் குளிர்சாதனப் பெட்டிகளில் மீன்குழம்பையும் சம்பலையும் சுமந்துகொண்டு பல வருடம் வாழும். நான் சொல்லும் பெட்டி என் மச்சாளுடையது.

மச்சாள் என்றால் என் தம்பியின் மனைவி. தம்பி காலமான பிறகு மகளுடன் பிரான்காச்சோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். காலையில் பஸ் பிடித்து நகரத்துக்குள் வந்து மூன்று சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலிய எசமானிகளின், வீடுகளைத் துடைப்பார். நான் இளமையில் மன்னார்க் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். இங்கே வந்து சில காலம் நானும் வீடு துடைத்தேன். அதன்பின் ஓய்வுபெறும்வரை, குடியேறி வந்தவர்களுக்குப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுக்கும் ஓர் உதவி நிலையத்தில் வேலை செய்தேன். இரண்டு நாட்டு நடைமுறைகளும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அதனால் யாருக்கும் ஒரு காரியம் விரைவாக நடக்கும் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு அல்ப்ஸ் மலையை ரயிலில் பார்க்கவேண்டும் என்று ஒரு திட்டம் போட்டேன். பலெர்மோவிலிருந்து மிலானோ, அங்கிருந்து ஏரிக்கரை வழியாக மலையடிவாரத்துத் திரானோ. ஒரு நாள் ஏரியில் படகு, ஒரு நாள் திரானோவிலிருந்து புறப்படும் புகழ்பெற்ற சிவப்பு ரயில், ஒரு நாள் மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டங்கள். தவறவிட்டால் அடுத்து எந்த ரயில் என்பதுவரை எழுதி வைத்திருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது மச்சாள் கேட்டார்.

“அத்தான், அந்த ரயிலிலை நானும் வரலாமே?”

“உமக்கு எப்ப தொடக்கம் மலை பாக்கிற ஆசை?”

“மலையை ஆர் பாக்கப்போறது? அண்ணை அந்தப் பக்கத்திலைதானே இருக்கிறார்.”

அவருடைய தமையன் சுவிஸில், ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்தார். தலை நரைத்தும் அவருடைய அனுமதியில் ‘தற்காலிகம்’ என்ற சொல் போகவில்லை. அந்த நாட்டை விட்டு வெளியே வர அவரால் முடியாது. மச்சாளுக்கு அனுமதி இருந்த காலத்தில் லீவு கிடைக்கவில்லை, லீவு கிடைத்தபோது பிள்ளை கைக்குழந்தை. கலியாணம் முடித்த புதிதில் ஒரேயொரு தடவை போய்ப் பார்த்ததோடு சரி. இப்போது தமையனுக்கு நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். “மேசையிலை கிடத்த முன்னம் ஒருக்கா முகத்தைப் பாக்கவேணும்” என்றார் மச்சாள். அதைச் சொன்னபோது அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தடை மிகச் சிறியது. முந்திய நவம்பரிலேயே ‘பெர்மெசோ’ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தார். அறுபது நாட்கள் போய், பெரிய வெள்ளியும் போய்விட்டது. கையில் இருந்தது அஞ்சலகம் தந்த ‘ரிச்செவூத்தா’ என்ற பற்றுச்சீட்டு மட்டும். அதைக் காட்டி இத்தாலியில் வேலை செய்யலாம், நோய்வாய்ப்படலாம், வரி கட்டலாம். சுவிஸுக்குள் கால் வைக்க முடியாது. சிவப்பு ரயிலோ திரானோவில் ஏறி உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் எல்லையைத் தாண்டிவிடும்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தேவாலயப் பங்கு ஆள் ஒருவர் ஆறுதல் சொன்னார்: “அதிலை ஒருத்தரும் பாக்கமாட்டினம் அக்கா. வெள்ளைக்காரர் படம் எடுக்கிற ரயில்.”

“ஓம், வெள்ளைக்காரரைப் பாக்கமாட்டினம்” என்றேன். “இவவைப் பாப்பினம்.”

பிடித்தால் அடுத்த ரயிலில் திருப்பி அனுப்புவார்கள், அது பெரிதல்ல. ஆனால் கோப்பில் ஒரு வரி விழும். அந்தக் கோப்பு அப்போது யாரோ ஒருவரின் மேசையில் திறந்து கிடந்தது. மகளின் அனுமதியும் தாயின் அனுமதியோடு கட்டப்பட்டிருந்தது. நான் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. எனக்கு இன்னும் அங்கே ஆகவேண்டிய காரியம் இருக்கிறது. சட்டப் பிரிவைக் காட்டி, மருத்துவமனைக் கடிதத்தையும் இணைத்து, விரைவுபடுத்தும்படி கேட்டேன். பதில் இல்லை. இரண்டாம் முறை இன்னும் மரியாதையாக எழுதினேன். மரியாதை கூடியதைக் கண்டு அவசரம் குறைந்துவிட்டதாக நினைத்தார்களோ தெரியாது.

ஆகவே பயணத் திட்டத்தை மாற்றி எழுதினேன். படகு அப்படியே இருந்தது. சிவப்பு ரயிலை வெட்டினேன். அந்த இடத்தில் ‘திரானோவிலிருந்து எல்லைவரை நடை, இயற்கைக் காட்சிகள்’ என்று போட்டேன். தமையன் தன் பக்கத்திலிருந்து அதே சிவப்பு ரயிலில் கடைசிச் சுவிஸ் நிலையம்வரை வந்து, மிச்சத்தை மெல்ல நடந்து வருவார். அவர் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். இரண்டு நாட்டுச் சட்டத்திலும் இதற்குத் தடை இல்லை.

“சாப்பாடு குடுக்கலாமே அத்தான்? ஆட்டிறைச்சி எண்டால் அண்ணைக்கு விருப்பம்.”

“இறைச்சிக்கு அளவுக் கட்டுப்பாடு இருக்கு.”

“கணவாய்?”

“கணவாய்க்கு ஒண்டும் இல்லை.”

“அப்ப கணவாய்க்கு பெர்மெசோ தேவையில்லை” என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் கபோச் சந்தையில் கணவாய் மீன் வாங்கினார். வறுத்த தூள் போட்டுப் பிரட்டலாகக் காய்ச்சி, ஜெலாட்டோப் பெட்டியில் அடைத்துக் கல்லாக உறையவைத்தார்.

தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கடக்க, மெசினாவில் ரயிலைத் துண்டு துண்டாகக் கப்பலுக்குள் ஏற்றினார்கள். எல்லோரும் கடல் பார்க்க மேல்தளத்துக்குப் போனோம். மச்சாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலுக்குள்ளேயே இருந்தார். ஏரியில் படகு போனபோதும் அப்படித்தான். பனி மூடிய சிகரங்கள் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தன; படகில் இருந்தவர்கள் வாய்பிளந்து நின்றார்கள். மச்சாள் கைபேசியைப் பார்த்தபடி, “அண்ணைக்கு மூச்சு வாங்குதாம். நாளைக்கு நடப்பாரோ தெரியேல்லை” என்றார். அழகான காட்சிகளுக்காக நான் போட்ட திட்டத்தில் இதற்கு மாற்று ரயில் எதுவும் இல்லை.

மறுநாள் திரானோவில் விடுதிக்காரி கறியைச் சூடாக்கிக் கொடுத்தாள். வழியில் ஒரு பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு சிவப்பு ரயில் நிலையத்தைக் கடந்தோம். மேடை இத்தாலிய மண்ணில்தான் இருந்தது. ரயில் கதவுகளைத் திறந்தபடி நின்றது. மச்சாள் நடையை நிறுத்தினார். ஏறி உட்கார்ந்தால், மூச்சு வாங்குகிற மனிதர் நடக்கத் தேவையில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் பலெர்மோவிலேயே சொல்லிவிட்டேன். கதவுகள் பூட்டுமட்டும் நின்று பார்த்தார். பிறகு, “நடவுங்கோ அத்தான்” என்றார்.

அந்த ரயில் கொஞ்சத் தூரம் தெருவோடு தெருவாகத்தான் ஓடுகிறது. எங்களைக் கடந்து போகும்போது பெரிய கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் கை காட்டினார்கள். ஒருவர் படமும் எடுத்தார். உலகில் எங்கோ ஒரு வீட்டில், அல்ப்ஸ் படங்களுக்கு நடுவில், ஜெலாட்டோப் பெட்டியுடன் மச்சாள் இருக்கக்கூடும்.

எல்லையில் ஒரு காவலர் நின்றார். அவர் கேட்குமுன்னமே மச்சாள் ரிச்செவூத்தாவை நீட்டினார். அவர் அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியாது என்றார்.

“நான் போகேல்லை ஐயா” என்று மச்சாள் தன் சிசிலிய இத்தாலியத்தில் சொன்னார். “இஞ்சை இருந்து சாப்பிடப் போறன்.”

இதற்கு அவரிடம் விதி இருக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். எங்கள் முகத்தை அவர் பார்க்கவில்லை. மச்சாளின் காலில் இருந்த சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்ன நேரத்துக்குத் தமையன் வரவில்லை. பெட்டியின் மூடியை மச்சாள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அழைத்தால் எடுக்கவில்லை. கடைசியில் வளைவில் ஒரு மனிதர் தெரிந்தார், நாலு எட்டு நடந்து, மதிலைப் பிடித்து நின்று, மறுபடி நாலு எட்டு. இந்தப் பக்கம் மச்சாளின் ஒரு கால் முன்னே அசைந்தது. காவலரின் தலையும் அசைந்தது. கால் நின்றுவிட்டது.

“என்னடி, கிழவியாப் போனாய்?” என்றார் தமையன், வந்த மூச்சில்.

“நீங்கள் மட்டும் மாப்பிள்ளையோ?”

அவர்கள் அந்தச் சிறு மதிலில், எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். நான் இத்தாலியப் பிரஜை. அங்கே சட்டப்படி இரு பக்கமும் நடக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். எனவே பாணைப் பிய்த்துக் கறியை வைத்து ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பரிமாறினேன். வாழ்நாள் முழுதும் சட்டம் படித்ததன் பலன் அதுதான். தமையன் ஒரு துண்டு கணவாயை வெகுநேரம் மென்றார். “உப்புக் குறைவு” என்றார். “உங்களுக்கு உப்பு ஆகாதாம், டொக்டர் சொன்னவராம்” என்றார் மச்சாள்.

பிறகு மச்சாள் என்னிடம் திரும்பினார். “அத்தான், கை போகலாமோ?”

எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு அது தெரியாது. கால் வைப்பதைப் பற்றி இருக்கிறது, கையைப் பற்றி நான் எங்கும் வாசித்ததில்லை. என் பதிலுக்கு அவர் காத்திருக்கவும் இல்லை. கையை நீட்டி, தமையனின் மேற்சட்டைக்குள் விட்டு, வெட்டப்போகிற இடத்தில் நெஞ்சின்மேல் வைத்தார். வைத்தபடியே இருந்தார். சப்பாத்துகள் இத்தாலியில் இருந்தன. காவலர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது பெட்டி தமையனின் மடியில் இருந்தது.

“பெட்டியைத் தாங்கோ அண்ணை.”

“வெறும் பெட்டி திருப்பிக் குடுக்கிறதே? ஒப்பரேசன் முடியட்டும். நீ வந்து எடுத்துக்கொண்டு போ.”

“ஜெலாட்டோப் பெட்டிதானே.”

“அப்ப ஏன் கேக்கிறாய்?” என்று சொல்லிவிட்டு, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வந்தது போலவே நாலு நாலு எட்டாகப் போனார். வளைவில் மறையுமட்டும் மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றார்.

சத்திரசிகிச்சை அன்று மச்சாள் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் ஒரே ஜன்னலைத் திரும்பத் திரும்பத் துடைத்தாராம். மாலையில் தமையன் கண் விழித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அலுவலகத்திலிருந்துதான் ஒன்றும் வரவில்லை.

சிவப்பு ரயிலில் அவர் ஏறியது அந்த வருட இலையுதிர் காலத்தில். எல்லையைத் தாண்டுகிறபோது என்னை அழைத்து, “ஒருத்தரும் பாக்கேல்லை அத்தான்” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்துடன். பெட்டி உள்ளே மலைப் பாற்கட்டியுடன் திரும்பி வந்தது. அதில் பாதியை வைத்து மச்சாள் அதே பெட்டியை எனக்குத் தந்தார். இப்போது அது என் சமையலறையில், கழுவித் துடைத்தபடி இருக்கிறது. நானும் அதை வெறும் பெட்டியாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. இந்த வருடம் மச்சாளின் அனுமதி மறுபடி முடிகிறது. அதற்கான பத்திரங்களையும் நான்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். தமையன் தொலைபேசியில், அடுத்த முறை உப்புப் போட்டுக் கொண்டுவா என்கிறார். எப்போது வருவீர்கள் என்று கேட்டால் நான் சட்டத்தைச் சொல்வதில்லை. சென்ற முறை, விண்ணப்பித்து எட்டு மாதம் கழித்து, ‘உங்கள் அனுமதி தயார், வந்து பெற்றுக்கொள்ளவும்’ என்ற குறுஞ்செய்தி மச்சாளின் கைபேசிக்கு வந்த திகதியைச் சொல்கிறேன்: ஜூலை பதினைந்து, பலெர்மோவின் பாதுகாவலி சாந்தா ரோசாலியாவின் திருநாள், நகரத்தில் எல்லா அலுவலகங்களும் பூட்டிக் கிடந்த நாள்.