கரண்டுக்காரி

குருசுக்குப்பத்தை ஒட்டிய எங்கள் தெருவில் அப்போது கரண்டு இழுக்காத வீடுகளே அதிகம். அப்படிப்பட்ட தெருவில், ஒன்பது வயதிலேயே உடம்பில் கரண்டு ஏற்றிக்கொண்டவள் நான். பெருமைக்குக் கேட்கவா வேண்டும்.

எனக்குக் கழுத்தில் கட்டி. புற்று என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையில் அம்மா என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். அங்கே கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டு, ஒரு பெரிய மெஷினுக்குக் கீழே தனியாகப் படுக்கவைப்பார்கள். அதற்கு ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்று பெயர். வைக்கும்போது வலிக்காது. ஆனால் போகப் போகத் தொண்டை புண்ணாகி, எச்சில் விழுங்கவே உயிர் போனது. பின்னந்தலை முடியும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

சாயங்காலம் பிள்ளைகள் தெருவில் ஓடிப்பிடித்து ஆடுவார்கள். நான் இறங்கினால் போதும், "கரண்டுக்காரி வர்றா" என்று கத்திக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் ஓடிவிடுவார்கள். பின்னாலேயே கதவும் சாத்திக்கொள்ளும். நானா விடுகிறவள்? "கிட்ட வந்த, தூக்கிப் போட்டுடும்" என்று கழுத்தை நீட்டிக் காட்டுவேன். ஆடாமலே ஜெயித்துக்கொண்டிருந்தேன். என்ன, ஜெயித்தவளோடு ஆடத்தான் ஆளில்லை. வாசலில் பாண்டிக் கட்டம் கிழித்து ஒண்டியாகத் தாண்டிக்கொண்டிருப்பேன்.

இதை மாமா பார்த்துவிட்டார். அம்மாவின் தம்பி, மில்லில் ஒயர்மேன். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சேமியா ஐஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்த நாட்களில் என் தொண்டையில் வலிக்காமல் இறங்கிய ஒரே பண்டம் அதுதான். நான் சப்பிக்கொண்டிருக்கும்போதே கையைப் பிடித்து எதிர்வீட்டுக்கு இழுத்துப்போனார். சொல்தா வீடு அது. சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். அவர் மகள் என் கூட்டாளி. என்னைக் கண்டதும் முதலில் சாத்துகிற கதவும் அந்த வீட்டுக் கதவுதான்.

சொல்தா வீட்டம்மா வாசற்படியை விட்டு இறங்கவில்லை. "தப்பா எடுத்துக்காத தம்பி. கரண்டு வச்ச ஒடம்பு. புள்ளைங்க மேல பாஞ்சிடப் போவுது."

மாமா பையிலிருந்து டெஸ்டரை உருவினார். கதவோரம் இருந்த பிளக்கில் செருகினார். பிடிக்குள் இருந்த குட்டி பல்பு எரிந்தது. பிறகு அதையே என் கழுத்தில், ஊதாக் கோட்டின் மேல் மெல்ல வைத்தார். எரியவில்லை. தெருவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மானமே போய்விட்டது.

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். "சரி, கரண்டு இல்ல. நோவு இருக்குதில்ல. ஒட்டிக்கிச்சின்னா?"

மாமா குனிந்து, என் வாயில் இருந்த ஐஸை வெடுக்கென்று பிடுங்கினார். எச்சில் வழிந்துகொண்டிருந்த ஐஸ். ஒரு கடியில் பாதி, மறு கடியில் மீதி. முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்று விழுங்கினார். குச்சியையும் விடாமல் நக்கினார்.

"ஒட்டுனா மொதல்ல எனக்கு ஒட்டட்டும்க்கா. நீ புள்ளைய வெளிய வுடு."

நான் தெருவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கரண்டும் போயிற்று, ஐஸும் போயிற்று. எங்கள் வீட்டு வாசலில் அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐஸுக்காகத்தான் அவளும் அழுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் சொல்தா வீட்டுப் பெண் ஓடிவந்து என் முதுகில் பட்டென்று ஒன்று வைத்து, "நீ அவுட்டு" என்றாள். துரத்தியதில் எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் அவளைப் பிடித்துவிட்டேன். மாமாவோடு மட்டும் ரொம்ப நாள் பேசவில்லை. அக்கா பெண்ணின் ஐஸைப் பிடுங்கித் தின்கிற ஆசாமியோடு என்ன பேச்சு?

கட்டி கரைந்தது. நான் வளர்ந்தேன், கல்யாணமும் ஆயிற்று. என் மகளுக்கு ஐஸ் வாங்கி வந்த ஒரு நாள், மாமாவிடமும் ஒன்று நீட்டினேன். வேண்டவே வேண்டாமென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

"அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே பல்லு கூசும்," என்றாள் அம்மா. "ஐஸுன்னா கிட்டயே போவமாட்டான்."