சிப்ரியானாவின் எடை

எங்கள் மலையூர் சுல்யாபாத்தாவில் தராசில் ஏறுவது ஆடு மட்டும்தான். அதுவும் ஒரே தடவை, கசாப்புக்காரன் வருகிற நாளில். இதை ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் கணக்குச் சொல்லிக்கொடுக்க நார்வேயிலிருந்து வந்த ஹில்டாவிடமும் யாரும் சொல்லவில்லை.

வந்த இரண்டாவது வாரம் அவள் வகுப்பறை உத்தரத்தில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கட்டினாள். கீழே கம்பளியில் தூளி. இருபத்திரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து எடை பார்த்து, கனத்த பிள்ளை மேலே, ஒல்லிப் பிள்ளை கீழே என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினாள். பிள்ளைகளுக்கு ஊஞ்சலாடின சந்தோஷம். சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்த சிப்ரியானா சுல்க்காவுக்குக் கையிலிருந்த அகப்பை நழுவியது.

சிப்ரியானா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. போன மழைக்காலத்திலிருந்து விடாத இருமல். ஹில்டா தங்கியிருந்தது அவள் வீட்டில்தான்.

மறுநாள் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அதற்கு மறுநாள் நான்கு. பட்டியலில் முதல் பெயர்க்காரிக்குக் காய்ச்சல்.

"உருளைக்கிழங்கு அறுவடையா?" என்று அரைகுறை ஸ்பானிஷில் கேட்டாள் ஹில்டா.

"ஆமா டீச்சர், அறுவடைதான்" என்றாள் சிப்ரியானா. அறுவடை முடிந்து ஒரு மாதமாகியிருந்தது.

தண்ணீர்க் குழாயடியில் பேச்சு வேறாக இருந்தது.

"நாக்காக்டி அவ. எடை போட்டுட்டா, அடுத்து உருக்க வேண்டியதுதானே?"

"மூஞ்சில வெள்ளையா தினம் என்னத்தையோ தடவிக்கிறாளே, பாத்தியா? கொழுப்புதான் அது. யார் வீட்டுப் பிள்ளையோடதோ!"

வெயிலுக்குத் தடவும் களிம்பு அது. ஆனால் எங்கள் மலையில் நாக்காக் என்றால் வெளியூரிலிருந்து வந்து ஆளின் கொழுப்பை எடுத்துப்போகிறவன். பறிகொடுத்தவன் மெலிந்து மெலிந்து ஒரு மாதத்தில் செத்துப்போவான். சிப்ரியானாவுக்குப் பதினோரு வயதானபோது ஊருக்கு ஒரு துணி வியாபாரி வந்தான். அவளுக்குச் சர்க்கரைக் கட்டி கொடுத்தான். அன்று அவளுக்குக் காய்ச்சல். கொழுப்பை எடுத்தது யார் என்று கேட்டார்கள். அவள் விரலை நீட்டினாள். ஆற்றங்கரையில் அந்த ஆள்மேல் விழுந்த கற்கள் இன்றும் அங்கேதான் குவியலாகக் கிடக்கின்றன. அந்தப் பக்கம் யாரும் துணி துவைப்பதில்லை.

ஞாயிறு மதியம் மைதானத்தில் ஊர்க்கூட்டம். ஊர்க்காவல் தலைவர் எவரிஸ்டோ சாட்டையை மடியில் வைத்திருந்தார். எல்லாப் பேச்சும் எங்கள் கெச்சுவா மொழியில். ஒரு சொல்கூடப் புரியாமல் ஹில்டா ஓரத்தில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை. சிலர் மடியில் கல் இருந்தது.

"அவள வெளிய விட்டா வேற ஊருக்குப் போவா. இங்கயே முடிச்சிடணும்" என்றான் காய்ச்சல்காரப் பெண்ணின் அப்பா.

சிப்ரியானா எழுந்தாள். "வாராவாரம் என்னை எடை போடுங்க."

"உன்ன எதுக்குக்கா?"

"ஒரே கூரைக்கடியில தூங்கறேன். கொழுப்பு எடுக்கறவளா இருந்தா முதல்ல என்கிட்டதானே எடுப்பா? நாலாவது ஞாயிறு எடை குறைஞ்சிருந்தா நீங்க நினைச்சதச் செய்ங்க. குறுக்க வரமாட்டேன்."

"உன்கிட்ட எடுக்க என்ன இருக்கு? எலும்பும் வாயும்தான்!" என்று ஒருத்தி கத்த, நாலைந்து பேர் சிரித்தார்கள். எவரிஸ்டோ சிரிக்கவில்லை. தராசை எடுத்துவரச் சொன்னார்.

நாற்பத்தொன்பது கிலோ.

தன் பாடத்தை ஊரே எடுத்துக்கொண்டது என்று ஹில்டா கைதட்டினாள். வகுப்புச் சுவரில் சிப்ரியானாவுக்கென்று ஒரு வரைபடம் தொடங்கினாள். அதைப் பார்க்க இரண்டு பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

இரண்டாம் ஞாயிறு நாற்பத்தெட்டு. கூட்டம் பின்னுக்கு நகர்ந்தது. அதற்குப் பிறகு பாதையில் சிப்ரியானாவையும் ஹில்டாவையும் கண்ட பெண்கள் பிள்ளைகளின் முகத்தைப் போர்வையால் மூடினார்கள். வீட்டுக்கு எதிரே எந்நேரமும் இரண்டு பேர் உட்கார்ந்து கொக்கா இலை மென்றார்கள்.

சிப்ரியானா மூன்று வேளையும் தின்றாள். வாற்கோதுமைக் கஞ்சி, வேகவைத்த சோளம், ஆட்டுக்கொழுப்பு. எல்லாவற்றையும் இருமல் தின்றது. ஆற்றங்கரைக்குப் போனாள். அந்தக் குவியலிலிருந்து கைக்கடக்கமான கற்களைப் பொறுக்கிவந்து உள்பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்தாள். மூன்றாம் ஞாயிறு மறுபடி நாற்பத்தொன்பது.

"பரவாயில்லையே, ஏறுதே!" என்றாள் ஹில்டா. வரைபடத்தில் கோடு மேலே திரும்பியது.

நாலாவது ஞாயிறுக்கு முந்தின நாள் சிப்ரியானா யாருமில்லாத வகுப்பறையில், கற்கள் இல்லாமல், தானே தூளியில் உட்கார்ந்து பார்த்தாள். முள் நாற்பத்தாறைத் தாண்டவில்லை. மறுபடி ஆற்றங்கரைக்குப் போனாள்.

ஞாயிறன்று மைதானத்துக்கு ஊரே வந்திருந்தது. அவள் நடை கனமாக இருந்தது. தூளியருகே வந்ததும் எவரிஸ்டோ, தூக்கிவிட நின்ற இளைஞர்களை விலக்கிவிட்டு, "நான் தூக்கறேன்" என்றார்.

இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினார். கை மடிப்பில் பட்டது. நின்றது. விரல்கள் ஒரு கல்லைத் துணியோடு சேர்த்துத் தடவின, அடுத்ததைத் தடவின. ஆற்றங்கரையில் அன்று துணி வியாபாரிமேல் முதல் கல்லை எறிந்தது பதினாறு வயது எவரிஸ்டோ. சிப்ரியானா அவர் கண்ணைப் பார்த்தாள். இருமல் வந்தது, விழுங்கினாள்.

"என்ன தலைவரே, எவ்வளவு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எவரிஸ்டோ முள்ளைப் பார்க்கவே இல்லை.

"நாற்பத்தொன்பது. குறையல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஒருவர் இருவராகக் கலைந்தார்கள். ஹில்டா ஓடிவந்து சிப்ரியானாவைக் கட்டிக்கொண்டாள். பாவாடையில் ஏதோ இடித்ததைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

தராசை அவிழ்த்துக் கொடுக்கும்போது எவரிஸ்டோ தலை நிமிராமல் சொன்னார்: "வியாழக்கிழமை லாரியில அவள ஏத்திவிட்டுடு. அடுத்து எவன் வீட்டுப் பிள்ளைக்காவது காய்ச்சல் வந்தா என்னால இன்னொரு நம்பர் சொல்ல முடியாது."

"சரி."

"அந்தக் கல்ல எடுத்த இடத்துலயே போட்டுடு."

சிப்ரியானா தலையசைத்தாள். வியாழனுக்கு நான்கு நாள் இருந்தது. மேல்தெருவில் ஒரு குழந்தை இருமும் சத்தம் கேட்டது.