சாக்கு கேட்டு வளர்த்த பூங்கா

ஊரிலிருந்து பெங்களூருக்கு விருந்தாளிகள் வந்தால் லால்பாக் போகலாமா என்பார்கள். முதலில் எங்கள் பார்க்கைப் பாருங்கள் என்று பொம்மனஹள்ளிச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போவேன். மொத்தமே ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் அளவுதான், இருக்கட்டுமே. உள்ளே வரிசையாகப் புங்க மரங்கள், அடியில் சிமென்ட் பெஞ்சுகள். எனக்குப் பெருமை தாங்காது.

அந்த மரங்கள் இடுப்பளவுகூட வளராத ஒரு கோடையில் எல்லாம் வாடிக்கொண்டிருந்தன. கன்றுகள் பிழைக்காவிட்டால் தளம் போட்டு கார் நிறுத்த விட்டுவிடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு. மழைக்குப் பிறகு கூடி முடிவெடுப்பதாக இருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர் வீட்டுக் கன்னட அக்காவும் நானும் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் என்று பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து ஊற்றினோம்.

அப்போது நான் வாணியம்பாடியிலிருந்து வந்த புதிது. கன்னடம் அரைகுறை. ஒரு நாள் நான் கவிழ்த்த வேகத்தில் தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு ஓட, அக்கா பதறிப்போய், "சாக்கு, சாக்கு!" என்று கத்தினார். நான் அரக்கப்பரக்க வீட்டுக்கு ஓடி, அரிசி வாங்கிய சணல் சாக்கோடு வந்து நின்றேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கன்னடத்தில் சாக்கு என்றால் 'போதும்' என்று அர்த்தமாம்!

தூக்கி வந்ததைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லை. வீம்புக்கு அதை நனைத்துக் கன்றைச் சுற்றிப் பரப்பினேன். மறுநாள் பார்த்தால் அங்கே மட்டும் ஈரம் காயவில்லை. அப்புறம் கேட்க வேண்டுமா? வீடு வீடாகப் போய்ச் சாக்கு கேட்டோம். தமிழ் வீடு, கன்னட வீடு, பிரியாணிக் கடை பாய், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. மழை வருவதற்குள் கன்றுகள் துளிர்த்துவிட்டன.

கார்க்காரர்கள் அப்போதும் விடவில்லை. துளிர்த்தால் என்ன, வண்டிகள் வெயிலில் நிற்கின்றனவே என்று கூட்டத்தில் வாதாடினார்கள். பொறுக்காமல் எழுந்து, என் ஓட்டைக் கன்னடத்தில், "நம்ம பார்க்கு, கொடல்ல", கொடுக்க மாட்டோம் என்றேன். வாடகைக்கு வந்தவருக்கு இங்கே என்ன பேச்சு என்று ஒருவர் எகிறினார். எனக்கு முகம் செத்துவிட்டது.

அக்கா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவரு நம்மவரு" என்றார்.

ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பார்க் பிழைத்தது. அன்று வீடு திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.