திருப்பூருக்கு வந்த படகு மீட்டர்

மெஷின் ஓடும்போது எங்களை யாரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஏழு போன் வரும். பழுது பார்த்துப் பிழைக்கிற உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில், பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களின் சென்சார்களைச் சரிசெய்யும் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடை என்னைக் கடல்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கடுகளவு சிப்பி

பழனிச்சாமி அண்ணன் பனியன் கம்பெனி முதலாளி, என் பழைய வாடிக்கையாளர். தன்னிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவருடன் பாய்மரப் படகில் ஒருதடவை போய்வந்தவர், அந்த ஆசையில் சென்னையில் பழைய படகு ஒன்றையே வாங்கிவிட்டார். ஒருநாள் அந்தப் படகின் வேகம் காட்டும் மீட்டரையும் கைக்குட்டையில் சுற்றிய சாமானையும் என் மேசைமேல் வைத்தார். பிரித்தால், கட்டைவிரல் அளவில் ஒரு துடுப்புச் சக்கரம். படகின் அடியில் தண்ணீருக்குள் இருக்குமாம். படகு நகர்ந்தால் சுழலுமாம். ஆனால் மீட்டர் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லையாம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சக்கரத்தின் இதழ்களில் காந்தம். அது கடப்பதை எண்ண ஒரு சென்சார். நிட்டிங் மெஷினின் சுற்றுகளை எண்ணுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அச்சில் கடுகளவு சிப்பிகள் ஒட்டியிருந்தன. ஊசியால் சுரண்டிவிட்டுக் குழாயைத் திறந்து பிடித்ததும் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது, மீட்டரில் எண் ஏறியது. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, மெஷின்ல பஞ்சு அடைக்குது, இதுல சிப்பி அடைக்குது, அவ்வளவுதானுங்களா?"

இரண்டு வேகம்

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று படகிலேயே பார்க்கவேண்டும் என்றார். சென்னைக்குப் போனேன். படகை ஓட்டியவர் அந்தோணி, தூத்துக்குடிக்காரர். வடக்கே போகும்போது மீட்டர் நாலு என்றது, என் செல்போன் ஐந்து என்றது. என் வேலைதான் தப்பு என்று நினைத்து, மீட்டரும் ஐந்து காட்டும்படி அதன் கணக்கைக் கூட்டிவைத்தேன். திரும்பி வரும்போது மீட்டர் ஐந்து, செல்போன் மூன்று! சென்சாரைக் கழற்றி எறிந்துவிடலாம்போல் இருந்தது.

செல்போன் காட்டியது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம். என் சக்கரம் காட்டியது தண்ணீரில் படகின் வேகம். நடுவில் நீரோட்டம் ஒன்று இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்தோணி சிரிக்காமல் சொன்னார்: "தண்ணியே நடக்குல்லா யக்கா, ஒங்க மீட்டரு என்ன செய்யும்?"

கடைசிப் படகு

பழைய கணக்கையே திரும்ப வைத்துக்கொடுத்தேன். அடுத்து ஒரு சின்னப் போட்டி, ஏழு படகுகள். காற்று வரும் திசையில் ஒரு மிதவை. அதைச் சுற்றி வரவேண்டும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போகாது. ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் ஏறமுடியும். அண்ணன் சுக்கானைப் பிடித்தார், நான் மீட்டரை வாசித்தேன். நாலரை என்றால் முகம் சுருங்கியது. படகைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலக்கினார், ஐந்து. இன்னும் விலக்கினார், ஆறு! அந்தோணி "ஐயா, காத்து வர்ற பக்கமா ஒட்டிப் பிடிங்க" என்று கத்தியது அவர் காதில் ஏறவில்லை.

ஆறில் பறந்தோம், பக்கவாட்டில். மெதுவாகப் போன படகுகளெல்லாம் மிதவையைச் சுற்றித் திரும்பியபோது நாங்கள் தூரத்தில் இருந்தோம். மீட்டரைத்தான் திட்டப்போகிறார் என்று நான் தலைகுனிந்திருந்தேன். அவரோ இப்படிச் சொன்னார்: "மெஷினை வேகமா ஓட்டித் துணி பூரா ஓட்டையா வந்த மாதிரி ஆயிப்போச்சுங்க."

நூல்

பாயின் இரண்டு பக்கமும் சின்ன நூல் கட்டியிருக்கவேண்டும் என்றார் அந்தோணி. இரண்டும் நேராகப் பறந்தால் படகு சரியான கோணத்தில் இருக்கிறது. ஒன்று துடித்தால் திருப்பவேண்டும். எங்கள் பாயில் அது எப்போதோ அறுந்துபோயிருந்தது. நூல் என்றதும் அண்ணனுக்கு உற்சாகம். கம்பெனியிலிருந்து நல்ல காட்டன் நூலே கொண்டுவந்தார். முதல் அலை தெறித்ததும் அது நனைந்து பாயோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி ஊருக்கு வந்து, தண்ணீர் குடிக்காத பாலியஸ்டர் நூல் எடுத்துப்போனார்.

அடுத்த போட்டியில் அவர் கண் நூலைவிட்டு நகரவில்லை. மீட்டரில் எண் ரொம்ப இறங்கினால் மட்டும் நான் குரல் கொடுத்தேன். நாலாவதாக வந்தோம். கரையேறியதும் அண்ணன் சொன்னார்: "இத்தன வருசமா நூலு வாங்கறனுங்க, நூலுகிட்ட வழி கேட்டது இன்னிக்குத்தானுங்க!"

இப்போது என் கடையில் அந்தப் போட்டிக்கு வந்த படகுக்காரர்களின் மூன்று மீட்டர்கள் பழுதுபார்க்கக் காத்திருக்கின்றன. மூன்றையும் படகில் ஏறித்தான் சரிபார்க்கவேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை மட்டும் அந்த வாடிக்கையாளர்களிடம் நான் இதுவரை சொல்லவில்லை.